பழைய கணக்கை மூடுவதற்கு முன்: இசை ஸ்ட்ரீமிங் சேவையைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னுடன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் தம் இசைச் சேவையை மாற்றினார். பழைய சந்தாவை நிறுத்தி, கணக்கையும் அழித்துவிட்டு, அதன் பிறகே என்னிடம் வந்து, "அண்ணா, என் பிளேலிஸ்ட்டுகளை எல்லாம் இங்கே எப்படிக் கொண்டுவருவது?" என்று கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே வரிசையில்தான் எல்லாவற்றையும் செய்தேன். அன்று இழந்தவற்றில் பெரும்பகுதி இன்னும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கட்டணத்தை ஒப்பிடுங்கள், இலவசச் சோதனைக் காலம் முடியும் நாளைக் குறித்து வையுங்கள் என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, அனுபவம் உள்ளவர்களும் தடுக்கி விழும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

பாடல்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பது

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், அமேசான் மியூசிக், யூடியூப் மியூசிக், டைடல் ஆகிய ஒவ்வொன்றும் தம்மிடம் 10 கோடிப் பாடல்களுக்கு மேல் இருப்பதாக அறிவிக்கின்றன. யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களின் பதிவுகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கிடைப்பதால், அந்த எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. சிறு வெளியீட்டாளர்களின் பதிவுகளிலும், பழைய கச்சேரிப் பதிவுகளிலும், பல ஆண்டுகளாக மறுவெளியீடு காணாத ஆல்பங்களிலும்தான் வேறுபாடு தெரியும். ஆகவே எல்லாரும் கேட்கும் பாடல்களை ஒதுக்கிவிட்டு, நீங்கள் உண்மையில் திரும்பத் திரும்பக் கேட்கும் 40 பதிவுகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு சேவையிலும் தேடிப் பாருங்கள். தலைப்பு கிடைத்துவிட்டது என்பதோடு நிறுத்தாமல் சற்று ஒலிக்கவிட்டுக் கேட்பது அவசியம். பின்னாளில் வேறொருவர் பாடிப் பதிவு செய்த வடிவம் அதே தலைப்பில் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இன்று இருப்பது நாளையும் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. பாடகர் நீல் யங் தம் பாடல்களை 2022 ஜனவரியில் ஸ்பாட்டிஃபையிலிருந்து விலக்கிக்கொண்டார். அவை 2024 மார்ச்சில்தான் திரும்பின. டெய்லர் ஸ்விஃப்ட்டின் ஆல்பங்கள் 2014 நவம்பரிலிருந்து 2017 ஜூன் வரை அங்கே இல்லை.

ஒலித்தரத்தைத் தவறான முறையில் ஒப்பிடுவது

குறுந்தகட்டின் தரம் விநாடிக்கு 1411 கிலோபிட் அளவுள்ளது. லாஸ்லெஸ் என்பது அதில் எதையும் இழக்காமல் சுருக்கித் தருவது. ஆப்பிள் மியூசிக்கும் அமேசான் மியூசிக் அன்லிமிடெட்டும் 2021 முதல் இதைக் கூடுதல் கட்டணமின்றித் தருகின்றன. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் தரத் தொடங்கியது. ஆனால் சாதாரணப் புளூடூத் ஹெட்போனுக்கு ஒலி செல்லும் வழியில் அது மீண்டும் சுருக்கப்படுகிறது. புளூடூத்தின் சுருக்க முறைகளான எஸ்பிசியில் விநாடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட்டும், எல்டாக்கில் அதிகபட்சமாக 990 கிலோபிட்டும்தான் செல்லும். கம்பி ஹெட்போனோ நல்ல ஸ்பீக்கரோ இல்லாதவர் லாஸ்லெஸ்ஸுக்காக மட்டும் சேவை மாறுவதில் பொருள் இல்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றை ஒலித்துறையில் இருப்பவர்களும் செய்கிறார்கள். ஸ்பாட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் எல்லாப் பாடல்களையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (ஒலி நம் காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) என்ற உரத்துக்குச் சமப்படுத்துகிறது. பிற சேவைகளின் அளவு வேறாகவோ, சமப்படுத்தல் அணைக்கப்பட்டோ இருக்கலாம். ஒரே பதிவை ஓரிரு டெசிபெல் கூடுதலாக ஒலிக்கவிட்டால், அதுவே தெளிவாகவும் ஆழமாகவும் இருப்பதாக நம் காது முடிவு செய்துவிடும். இரண்டு செயலிகளிலும் உரச் சமப்படுத்தலை அணைத்துவிட்டு, ஒலியளவைச் சமமாக வைத்து, எது எதுவென்று அறியாதபடி இன்னொருவரை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து கேளுங்கள். நான் அவ்வாறு சோதித்தபோது, சுருக்கத்தில் சிறிது இழந்த 320 கிலோபிட் ஒலிக்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் உள்ள வேறுபாட்டை நல்ல ஸ்பீக்கர்களில் சில பதிவுகளில் மட்டுமே, அதுவும் கூர்ந்து கேட்டபோது மட்டுமே, உறுதியாகச் சொல்ல முடிந்தது.

பழைய கணக்கை முதலில் மூடுவது

ஒன்பது ஆண்டுகள் ஒரே சேவையைப் பயன்படுத்தினேன். ஏறத்தாழ அறுபது பிளேலிஸ்ட்டுகள் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்றில் 212 பதிவுகள் இருந்தன; வயலின் எவ்வளவு அருகில் ஒலிக்க வேண்டும், குரலைச் சுற்றி எவ்வளவு வெளி இருக்க வேண்டும் என்று வேலையின்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒவ்வொன்றாகத் தேடி, குறிப்பிட்ட வரிசையில் அடுக்கியவை அவை. புதிய சேவையின் முதல் மாதம் இலவசமாகக் கிடைத்த அன்றே, ஒரு மாதத்துக்கு இரண்டு இடங்களில் ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் பழைய கணக்கை முழுவதுமாக அழித்தேன். தொலைபேசியில் பதிவிறக்கிய பாடல்களாவது மிஞ்சும் என்று நம்பினேன். அவையும் அன்றைக்கே ஒலிப்பதை நிறுத்தின. அழிக்கப்பட்ட தரவை மீட்க இயலாது என்று சேவையிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. பட்டியல்களை மாற்றித் தரும் கருவிகள் அப்போதே இருந்தன, ஒரு மாலை நேரம் செலவிட்டிருந்தால் போதும் என்று பிறகு தெரிந்தபோது ஏற்பட்ட எரிச்சல் இன்றும் குறையவில்லை. வேறு எவரும் இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

பதிவிறக்கம் என்ற சொல்லே பலரை ஏமாற்றுகிறது. சந்தாச் சேவையில் பதிவிறக்கப்படும் பாடல் பூட்டிய கோப்பு. சந்தா உயிரோடு இருப்பதைச் செயலி உறுதி செய்யும் வரையில்தான் அது திறக்கும். ஸ்பாட்டிஃபையில் 30 நாள்களுக்கு ஒரு முறையேனும் இணையத்துடன் இணையாவிட்டால் பதிவிறக்கங்கள் நீங்கிவிடுவது இதனால்தான்.

பட்டியலை மாற்றும்போது இசை எதுவும் இடம்பெயர்வதில்லை, பெயர்கள்தான் பெயர்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி எனப்படும் 12 எழுத்து அடையாளக் குறி உண்டு. பட்டியலை மாற்றும் கருவி அதைக் கொண்டு புதிய சேவையில் அதே பதிவைத் தேடும். குறி பொருந்தாவிட்டால் தலைப்பு, கலைஞர் பெயர், கால அளவு ஆகியவற்றைக் கொண்டு தேடும். ரீமாஸ்டர் செய்த, அதாவது ஒலியைச் செம்மைப்படுத்தி மறுபடி வெளியிட்ட, பதிவுக்குக் குறி மாறிவிடும் என்பதாலும், ரோமன் எழுத்தில் ஒரே பெயரைப் பலர் பலவாறு எழுதுவதாலும், தவறான பதிவு வந்து உட்காருவது சாதாரணம். கிடைக்காத பாடலைக் கருவி தனியே பட்டியலிட்டுக் காட்டிவிடும். தவறாகப் பொருந்திய பாடலோ வெற்றி என்ற கணக்கில் சேர்ந்துவிடுவதால், அதை நம் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை முறை கேட்டோம், எந்த நாளில் சேர்த்தோம் போன்ற விவரங்கள் பெரும்பாலும் வருவதில்லை. யூடியூப் மியூசிக் ஒரு லட்சம் பாடல்கள் வரை நம் சொந்தக் கோப்புகளை ஏற்ற இடம் தருகிறது. அவ்வாறு ஏற்றியவற்றையும் தனியாகத்தான் மீட்டெடுக்க வேண்டும்.

எனவே முதலில் பழைய சேவையிடம் உங்கள் தரவின் நகலைக் கேளுங்கள். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 20ஆம் பிரிவு இதை உரிமையாகவே வழங்குகிறது. ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் பெரிய சேவைகள் இந்த வசதியைத் தருகின்றன. ஸ்பாட்டிஃபையில் தனியுரிமைப் பக்கத்திலும், யூடியூப் மியூசிக்குக்குக் கூகுளின் தரவு நகல் சேவையான டேக்அவுட்டிலும் கேட்கலாம். முழுமையான கேட்பு வரலாறு வந்துசேரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், மாறும் எண்ணம் தோன்றிய நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது. பிறகு சவுண்டீஸ், டியூன் மை மியூசிக் போன்ற கருவி ஒன்றால் பட்டியல்களை மாற்றுங்கள். இலவசப் பயன்பாட்டுக்கு வரம்பு இருக்கும், பெரிய தொகுப்பு உடையவர் ஒரு மாதம் பணம் கட்டிவிடுவது மேல். மாற்றிய பின் ஒவ்வொரு பட்டியலின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, முக்கியமானவற்றில் ஒவ்வொரு பாடலின் தொடக்கத்தையாவது கேளுங்கள். ஒரு மாதம் இரண்டு சேவைகளும் இருக்கட்டும். அதன் பிறகும் சந்தாவை மட்டும் நிறுத்துங்கள். கணக்கை அழிப்பது முற்றிலும் வேறு செயல். ஸ்பாட்டிஃபை போல இலவச நிலை உள்ள சேவையில் சந்தா முடிந்தாலும் பட்டியல்கள் அப்படியே இருக்கும்.

நீங்கள் விலகாவிட்டாலும் சேவையே மூடப்படலாம். ஆர்டியோ 2015 டிசம்பரிலும், மைக்ரோசாஃப்ட்டின் குரூவ் மியூசிக் சந்தா 2017 டிசம்பர் 31 அன்றும், கூகுள் பிளே மியூசிக் 2020 டிசம்பரிலும் முடிவுக்கு வந்தன. பட்டியல்களை வெளியே எடுக்க எளிய வழி தராத சேவையை, மற்ற எல்லாம் சிறப்பாக இருந்தாலும், நான் இப்போது தேர்ந்தெடுப்பதில்லை.

அந்த இளைஞருக்கு ஓரளவு நற்பேறு வாய்த்தது. அவருடைய பட்டியல் ஒன்றை நண்பர் ஒருவர் முன்பே தம் கணக்கில் நகலெடுத்து வைத்திருந்ததால், அதிலிருந்து 140 பாடல்களை மீட்டோம். மற்றவற்றை அவர் நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆண்டுச் சந்தா

முதல் மாதத்திலேயே எடுக்காதீர்கள்.

தனிக் கணக்கை வீட்டில் எல்லாரும் பகிர்வது

ஒருவர் கேட்கத் தொடங்கினால் மற்றவருக்கு நின்றுவிடும். குழந்தைப் பாடல்கள் உங்கள் பரிந்துரைகளில் நிறைந்துவிடும். ஒரே முகவரியில் வசிப்பவர்களுக்குக் குடும்பச் சந்தா இருக்கிறது.

வீட்டுக் கருவிகளைக் கடைசியில் நினைப்பது

ஸ்பீக்கர், கார், கைக்கடிகாரம் ஆகியவற்றில் புதிய சேவை இயங்குமா என்பதைச் சோதனைக் காலத்திலேயே பாருங்கள்.

பரிந்துரைகளை முதல் வாரத்திலேயே எடைபோடுவது

பல ஆண்டுகள் உங்களைக் கவனித்த பழைய சேவையையும், உங்களை நேற்றுத்தான் அறிந்த புதிய சேவையையும் ஒப்பிட்டு, புதியது மோசம் என்று திரும்பிவிடுபவர்கள் பலர். பிடித்ததற்கு விருப்பக்குறி இட்டு, பிடிக்காததைத் தவிர்த்து, ஒரு மாதமாவது கேட்ட பிறகே அதன் பரிந்துரைகளைப் பற்றி ஏதேனும் சொல்ல முடியும். பட்டியல்கள் முழுவதும் மாறிச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மாதத்தைக் கணக்கிடுங்கள்.