டிக்கியிலிருந்து எஞ்சின்வரை ஒரு கேபிள்

என் 1994 மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் பேட்டரி பின்னால், டிக்கிக்குள் இருக்கிறது. பாசிட்டிவ் கேபிள் முன்பக்கம்வரை ஓடவேண்டும். பழையதை உரித்தால் செம்பு பச்சை பிடித்து உதிர்ந்தது. சிங்கப்பூர் ஈரக்காற்று சும்மா விடுமா?

சிம் லிம் டவரில் 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளும், அதன் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கும் வாங்கினேன். நீளத்தைப் பழைய கேபிளை வைத்தே அளந்துகொள்ளுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அதுவே கடைசி.

லக்கைச் சுத்தியலால் நசுக்காதீர்கள். லக்கைக் கேபிளோடு இறுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பரை இரவல் வாங்கியாவது அழுத்துங்கள். அப்புறம் பலமாக இழுத்துப் பாருங்கள், துளியும் அசையக்கூடாது. உள்ளே பசையுள்ள ஹீட்ஷ்ரிங்க்கை, அதாவது சூட்டில் சுருங்கும் உறையை, லக்கின் கழுத்துவரை ஏற்றிச் சூடு காட்டினால், ஓரத்தில் பசை மணிமணியாகப் பிதுங்கும். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு நிம்மதி. காரின் தகரத்தைத் துளைத்துக் கேபிள் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.