சேர்த்த புள்ளிகளைக் கரை சேர்ப்பது எப்படி: ‘நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸ்’ முதல்முறை ஆடுவோருக்கு

கோத்தகிரியில் மழையும் மூடுபனியும் இறங்கிவிட்ட விடுமுறை நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் என் வீட்டில் கூடி ‘நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸ்’ என்னும் கார் பந்தய வீடியோ ஆட்டத்தை ஆடுவார்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் தோற்பதைப் பார்த்திருக்கிறேன். வேகமாக ஓட்டுகிறார்கள், வளைவுகளில் நன்றாகத் திருப்புகிறார்கள். ஆனால் சேர்த்த புள்ளிகளை எப்போது கொண்டுபோய்ப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது தெரியாமல் மொத்தத்தையும் இழந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் 2013 நவம்பரில் வெளிவந்தது. கிரைட்டீரியன் நிறுவனத்தின் துணையுடன் கோஸ்ட் கேம்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. பாலைவனம், காடு, பனிமலை, கடற்கரை எல்லாம் அடுத்தடுத்து வரும் ‘ரெட்வியூ கவுண்டி’ என்னும் கற்பனை நிலப்பரப்பில், பந்தயக்காரராகவோ போலீசாகவோ நீங்கள் விரும்பிய திசையில் ஓட்டிச் செல்லலாம். ஒரே உலகில் ஆறு பேர் வரை சேர்ந்து ஆடும் ‘ஆல்டிரைவ்’ என்ற வசதியும் இதில் அமைக்கப்பட்டது. அதற்கான இணையச் சேவை 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும், அது இருந்தபோதே, தொடங்குபவர்கள் தனியாக ஆடும் முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. மலையில் இணைய இணைப்பு அறுந்து அறுந்து வருவது ஒரு காரணம். பழகும் நேரத்தில் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் குறுக்கே வந்து மோதாமல் இருப்பது அதைவிட முக்கியமான காரணம்.

முதல் படியாக, எந்தப் போட்டியிலும் சேராமல் அரை மணி நேரம் சும்மா சுற்றி வாருங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் சீராகத் திரும்பி, வெளியேறும்போது முடுக்க வேண்டும் என்பதை 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் ஓட்டியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஒழுங்கு இங்கும் பலிக்கிறது. திரையின் மூலையில் உள்ள சிறு வரைபடத்தில் அடுத்த வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முன்கூட்டியே பார்க்கும் பழக்கத்தையும் இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வண்டிக்குத் திடீர் வேகம் தரும் நைட்ரஸை நேர்ச்சாலைக்கென்று மிச்சம் வையுங்கள்.

இரண்டாவதாக, போலீஸ் பக்கத்தை முதலில் ஆடுங்கள். பெரும்பாலானோர் பந்தயக்காரராகத் தொடங்கவே ஆசைப்படுவார்கள். ஆனால் போலீசுக்கான கார்கள் நிலை உயர உயர இலவசமாகவே கிடைக்கின்றன, வண்டி நொறுங்கினாலும் சேர்த்த புள்ளிகள் பறிபோவதில்லை. ஆகவே அச்சமில்லாமல் துரத்தவும் மோதவும் கற்றுக்கொள்ள இதுவே நல்ல இடம். துரத்தும் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான், ஓடும் பக்கத்திற்கு வரும்போது சாலைத் தடுப்பும் ஆணிப்பட்டையும் எந்தத் தருணத்தில் வந்து விழும் என்பது பிடிபடும்.

மூன்றாவது படியில் பந்தயக்காரராக மாறுங்கள். இந்த ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பந்தயத்தை முடிக்கும்போதும், ஒவ்வொரு துரத்தலில் இருந்து தப்பும்போதும் ‘ஸ்பீடு பாயின்ட்’ என்னும் புள்ளிகள் சேர்கின்றன. அவற்றைப் பல மடங்காக்கும் பெருக்கலும் கூடிக்கொண்டே போகிறது. கூடவே போலீசின் கவனமும் ஏறுகிறது. இதை ஆட்டத்தில் ‘ஹீட்’ என்கிறார்கள். அது உயர்ந்தால் இன்னும் வேகமான வண்டிகள் இன்னும் கடுமையாகத் துரத்தும். பந்தயக்காரரின் தங்குமிடமான மறைவிடத்திற்குள் நுழைந்தால் மட்டுமே புள்ளிகள் உங்கள் கணக்கில் சேரும், அந்தக் கணமே பெருக்கலும் ஹீட்டும் பழைய நிலைக்கு இறங்கிவிடும். அதற்கு முன் பிடிபட்டால், அந்தச் சுற்றில் சேர்த்த அனைத்தும் போய்விடும்.

எனவே மறைவிடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே, எத்தனை பந்தயம், எந்த வரிசையில், எந்த மறைவிடத்தில் முடிப்பது என்று வரைபடத்தைப் பார்த்து முடிவெடுங்கள். முதல் வாரத்தில் இரண்டு பந்தயங்களுக்கு மேல் தொடராமல் திரும்பிவிடுவது நல்லது. “இன்னும் ஒன்றே ஒன்று, அண்ணா” என்று சொன்ன பிள்ளை யாரும் அதன்பின் புள்ளியோடு திரும்பியதை நான் கண்டதில்லை. ‘ஸ்பீடு லிஸ்ட்’ என்று ஆட்டம் தரும் பணிப்பட்டியலில், நீங்கள் போகும் வழியிலேயே முடிக்கக்கூடியவை எவை என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வண்டி அடிவாங்கி நொறுங்கும் நிலைக்கு வந்தால், வழியில் உள்ள பெட்ரோல் பங்க் ஒன்றின் ஊடாக ஓட்டிச் செல்லுங்கள். நிற்காமல் கடந்தாலே வண்டி பழுது நீங்கும், தீர்ந்துபோன துரத்தல் கருவிகளும் நிரம்பும். துரத்தலின் நடுவிலும் இது வேலை செய்வதால், பங்க்குகள் இருக்கும் இடங்களை மனப்பாடம் செய்வது புதிய கார் வாங்குவதைவிடப் பயன் தரும்.

அந்தக் கருவிகளில் இரண்டை மட்டுமே ஒரு வண்டியில் பொருத்த முடியும். முன்னால் செல்லும் வண்டியைக் குறிவைத்துச் செயலிழக்கச் செய்யும் இ.எம்.பி., அருகில் உள்ளவர்களைத் தள்ளிவிடும் அதிர்வலை ஆகியவை இரு தரப்புக்கும் உண்டு. ஹெலிகாப்டரை அழைப்பது போலீசுக்கு மட்டும் உரியது. பின்னால் வருபவருக்காகக் கீழே போடும் கண்ணியும், எதிரியின் கருவிகளை முடக்கும் ஜாமரும், வண்டியைச் சட்டென்று பாயச் செய்யும் டர்போவும் பந்தயக்காரருக்கு மட்டும் உரியவை. டர்போவைப் பிள்ளைகள் விரும்பினாலும், வளைவு நிறைந்த பாதையில் அது வண்டியை நேராகத் தடுப்புச் சுவரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தொடக்கத்தில் ஜாமரும் கண்ணியும் போதும்.

இவ்வளவும் பழகியபின் பந்தயக்காரரின் வண்டிக்கு வண்ணம் பூசி, எண்பலகையையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். எங்கள் தெருவில் எல்லா வண்டியும் நீலகிரியின் பதிவெண்ணான ‘டி.என். 43’ என்றுதான் தொடங்கும்.