ஆங்கிலத்தில் 'செட்' (said) வந்தால் வினைச்சொல்லைப் பாருங்கள்

தமிழில் "எனக்கு வேலை இருக்கிறது என்றாள்" என்போம். அவள் சொன்ன காலம் அப்படியே இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் நேற்று நடந்த பேச்சை "ஷீ செட் ஷீ இஸ் பிஸி" என்று எழுதிவிடுகிறோம். அங்கே "ஷீ செட் ஷீ வாஸ் பிஸி" என்பதே பொருத்தம்.

'செட்', 'டோல்ட்' என இறந்தகாலத்தில் தொடங்கினால், உள்ளே இருக்கும் வினை ஒரு படி பின்னே போகும். 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும், 'கேன்' என்பது 'குட்' ஆகும். "ஐ வில் கால் யூ" என்று அவன் சொன்னதை "ஹீ செட் ஹீ வுட் கால் மீ" என்று எழுத வேண்டும். இதில் 'ஐ', 'யூ' இரண்டும் மாறியிருப்பதைக் கவனியுங்கள். பலரும் காலத்தைச் சரியாக மாற்றிவிட்டு இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

'வுட்', 'குட்', 'ஷுட்', 'மைட்' ஏற்கெனவே இருந்தால் தொட வேண்டாம். 'ஹீ செஸ்' என்று நிகழ்காலத்தில் தொடங்கினாலும் காலம் மாறாது.

சொன்ன விஷயம் இன்றும் உண்மை என்றால் நிகழ்காலத்தையே விடலாம். "ஷீ செட் த எர்த் இஸ் ரவுண்ட்" சரியான வாக்கியம்தான். தேர்வு எழுதுபவர்கள் மட்டும், வேறு எங்கே சந்தேகம் வந்தாலும் பின்னே தள்ளியே எழுதுங்கள். அப்புறம் 'டுமாரோ' இருந்தால் அதையும் 'த நெக்ஸ்ட் டே' ஆக்க மறக்காதீர்கள்.