துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் கேட்கப் போகிறீர்களா? முதலில் புல எண்ணைக் கையில் வையுங்கள்

கிராம சுகாதார செவிலியராக முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாடகை அறையில் கழிந்தன. பத்துக்குப் பத்து ஓட்டு வீட்டு அறை. கர்ப்பிணிகளைப் பெஞ்சில் படுக்கவைத்து, பழைய புடவையைக் கயிற்றில் மறைப்பாகக் கட்டி, வயிற்றில் கை வைத்துப் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பேன். அவர்களுடைய கண் மட்டும் வாசலிலேயே இருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குழந்தைகளை எடைபோடும் தராசை மாட்ட உத்தரத்தில் கொக்கி இல்லாததால், எதிரே இருந்த வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டேன். மழை நாளில் எடை பார்க்க முடியாது.

பணி ஓய்வுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான் எங்களுக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. அது வந்த வழியை, இப்போது முயற்சி செய்கிற ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

கேட்பது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். புதிய துணை சுகாதார நிலையம் வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. இருக்கிற நிலையத்துக்குக் கட்டடம் வேண்டும் என்பது வேறு கோரிக்கை. சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதி, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. புதிய நிலையம் என்றால் பணியிடமும் ஒப்புதலாக வேண்டும், அதற்கு நாளாகும். செவிலியர் ஏற்கெனவே இருந்து, வாடகை அறையிலோ ஊராட்சிக் கட்டடத்தின் மூலையிலோ வேலை பார்த்தால், கட்டடத்தை மட்டும் கேளுங்கள். அந்தக் கோப்பு விரைவாக நகரும்.

பெரும்பாலானவர்கள் நேரே சட்டமன்ற உறுப்பினரின் வீட்டுக்குப் போகிறார்கள். அவரும் செய்து தருகிறேன் என்பார். அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து "இடம் எங்கே?" என்று கேட்பார்கள். அங்கேதான் எல்லாம் நின்றுபோகும். நான் பார்த்த வரையில், பணம் இல்லாமல் நின்ற கட்டடத்தைவிட இடம் இல்லாமல் நின்ற கட்டடமே அதிகம்.

ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ஊரின் நில விவரங்கள் புல எண் வாரியாக உள்ள 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஊருக்குள் இருக்கும் புறம்போக்கு எது, அதன் வகைப்பாடு என்ன, பரப்பு எவ்வளவு என்று புல எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கைத் தொடவே வேண்டாம். நீர்நிலையில் கட்டடம் எழுப்ப ஒப்புதல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. யாராவது நிலம் தானமாகத் தருவதாகச் சொன்னால், சார் பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரம் பதிவாகும் வரை அதை நிலமாக எண்ண வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் மனதார எட்டு சென்ட் தருவதாகச் சொன்னார். பத்திரம் எழுதும் முன்பே இறந்துபோனார். பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் வீணாயின.

தேர்ந்தெடுத்த இடத்தைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து மூன்றாம் நாள் போய் நில்லுங்கள். கணுக்காலுக்குத் தண்ணீர் நின்றால் வேறு இடம் பாருங்கள். நிறைமாதக் கர்ப்பிணி நடந்து வரக்கூடிய தொலைவா என்பதையும் நடந்தே பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று சுடுகாட்டுப் பாதையில் கட்டினால், மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு பெண்ணும் வரமாட்டாள்.

அடுத்து கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூட்டம் நடக்கும். 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் அது செல்லும். பெண்களை அழைத்துப் போங்கள். கட்டடம் அவர்களுக்குத்தான் முதலில் தேவை. "சுகாதார நிலையம் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. புல எண், பரப்பு, மக்கள்தொகை, இப்போது செவிலியர் எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்பது எல்லாம் தீர்மானத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட நகலை அன்றே கேட்டு வாங்குங்கள்.

அந்த நகலையும் நில ஆவணங்களையும் இணைத்து, வட்டார மருத்துவ அலுவலர் வழியாக மாவட்ட சுகாதார அலுவலருக்கு மனு கொடுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு படி. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கு ஒரு படி. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பணம் வரும் வழிகள் பல. தேசிய நலவாழ்வுக் குழுமம் உண்டு. பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. சொந்தக் கட்டடம் இல்லாத துணை நிலையங்களுக்குக் கட்டடம் எழுப்புவதும் அதில் அடங்கியிருந்தது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. மனு கொடுக்கும்போது, எந்தத் தலைப்பில் இப்போது நிதி இருக்கிறது என்று மாவட்ட அலுவலகத்திலேயே கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க இதுதான் சரியான நேரம். இடம் தயார் என்று காகிதத்தோடு போகிறவர்களுக்கு மரியாதையே வேறு.

மதிப்பீடு தயாராகும்போது பொறியாளரையும் செவிலியரையும் ஒரு மணி நேரம் சேர்த்து உட்காரவையுங்கள். வரைபடத்தில் பரிசோதனை அறைக்கு உள்தாழ்ப்பாள், கழிப்பறைக்கு உள்ளே குழாய், வாசலில் படியோடு சாய்தளம், தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளையோடு அரை மணி நேரம் காத்திருக்கும் தாய்மாருக்கு நிழலான திண்ணை ஆகியவை இருக்கின்றனவா என்று செவிலியரால்தான் சொல்ல முடியும். நான் உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கி கேட்டேன். கம்பி கட்டும்போதே போட்டுவிட்டார்கள்.

வேலை தொடங்கியதும் மதிப்பீட்டு நகலைக் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தளம் போட்ட பிறகு தண்ணீர் கட்டி ஆற வைக்கிறார்களா என்று தினமும் யாராவது பார்க்கட்டும். எங்கள் ஊரில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுத்தோம். தளம் காய்ந்திருந்தால் ஓடிவந்து சொல்வார்கள்.

மின் இணைப்புக்கும் குடிநீர் இணைப்புக்கும் சுவர் எழும்பும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இதை நாங்கள் மறந்தோம். திறப்பு விழா முடிந்து ஐந்து மாதங்கள் கட்டடம் பூட்டியே கிடந்தது. ஆறாம் மாதம் ஒரு புதன்கிழமை, நான்கு ஐஸ் பைகள் வைத்த தடுப்பூசிப் பெட்டியோடு உள்ளே போய் மின்விசிறியைப் போட்டேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கொக்கியில் தராசை மாட்டி, வரிசையில் முதலாவதாக நின்ற குழந்தையை எடைபோட்டேன்.