ராவிலெ மாத்ரம்னா ராத்திரி மாத்திரை இல்லீங்க: கீமோ மாத்திரையை வீட்ல வச்சு சாப்பிடுற வயசானவங்களுக்கு

எனக்கு 67 வயசு, செங்கோட்டை பக்கம். பெருங்குடல்ல கட்டின்னு ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, அப்புறம் கீமோ. கீமோன்னா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு பாட்டில் ஏத்துறது மட்டும்தான்னு நெனச்சிட்டு இருந்தேன், அப்படி இல்ல, மூணு வாரத்துக்கு ஒரு நாள் ஆக்ஸாலிபிளாட்டின்னு ஒரு பாட்டில் ஏத்தி அனுப்பிருவாங்க, மீதி வேலையெல்லாம் கேபசிடபின்னு ஒரு மாத்திரை, அது வீட்ல. 14 நாள் காலையும் ராத்திரியும் சாப்பிடணும், அடுத்த 7 நாள் லீவு, திரும்ப முதல்ல இருந்து. இப்படி எட்டு ரவுண்டு, ஏறக்குறைய ஆறு மாசம். அதாவது பெரும்பாலான நாள் நமக்கு நாமதான் நர்ஸ். இதுபோக எனக்கு ஏற்கனவே சுகர் மாத்திரை, பிபி மாத்திரை, ஒரு கொழுப்பு மாத்திரை வேற. நான் பண்ணின கூத்தெல்லாம் நீங்க பண்ணக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன், டோஸ் எவ்வளவு, எதை நிறுத்தணும்ங்கிறதெல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான்.

முதல்ல பாஷை. எங்க பக்கம் ஆளுங்க நிறைய பேரு வைத்தியத்துக்கு மலை தாண்டி திருவனந்தபுரம்தான் போறது, 1981ல ஆரம்பிச்ச ரீஜினல் கேன்சர் சென்டர் அங்கதான் இருக்கு, வேற பெரிய ஆஸ்பத்திரிகளும் இருக்கு. ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடுன்னு நூறு கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல. 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியிலதான் இருந்துச்சு, அதனால மலையாளம் நமக்குப் புரியும்னு ஒரு தெனாவெட்டு இருக்கும் எங்க ஆளுங்களுக்கு. எனக்கும் இருந்துச்சு. முதல் பாட்டில் ஏத்தி அனுப்பும்போது அந்த சிஸ்டர் ஒரு சின்ன மாத்திரை குடுத்து "இது ராவிலெ மாத்ரம், கேட்டோ"ன்னு சொல்லுச்சு. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். நம்ம காதுல என்ன விழும்? ராவுல மாத்திரை. மூணு நாளைக்கு உள்ளது, ரெண்டு நாள் ராத்திரி ஒம்போது மணிக்கு கரெக்டா போட்டேன், ரெண்டு நாளும் பொட்டுத் தூக்கம் இல்ல, ஃபேன் ரெக்கையை எண்ணிக்கிட்டு கெடந்தேன். மூணாவது நாள் போன் பண்ணி கேட்டா "ராவிலெ அல்லே பறஞ்சது"ன்னு அந்தப் புள்ளைக்கு ஒரே சிரிப்பு. ராவிலெ அப்படின்னா மலையாளத்துல காலையில, மாத்ரம்னா மட்டும். காலையில மட்டும்னு சொல்லியிருக்கு. அது டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு, வாந்தி வராம இருக்கக் குடுக்குறது, ராத்திரி போட்டா தூக்கத்தைக் கெடுக்கும், அதோட சுகரையும் ஏத்திவிடும். சீட்டுல 1-0-0ன்னு தெளிவாதான் எழுதியிருந்துச்சு, படிச்சுப் பாக்கத்தான் நான் மெனக்கெடல.

அதனால இந்த நம்பரைப் படிக்கக் கத்துக்கோங்க, காலை மதியம் ராத்திரின்னு வரிசை, 1-0-1ன்னா காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. வாயால சொல்றதை நம்பாம சீட்டைக் காட்டி விரல் வச்சுக் கேளுங்க, கேட்டதைத் திரும்ப நீங்க தமிழ்ல சொல்லிக் காட்டுங்க. இன்னும் சில வார்த்தை இருக்கு. பனி உண்டோன்னு கேட்டா காய்ச்சல் இருக்கான்னு அர்த்தம், மார்கழிப் பனி இல்ல. குளிக கழிச்சோன்னா மாத்திரை சாப்பிட்டாச்சான்னு கேக்காங்க, என் பக்கத்து பெட்டுல இருந்த புளியரைக்காரர் அதைக் கேட்டுட்டு "இன்னும் கழிக்கல சிஸ்டர், ரெண்டு நாளா மலச்சிக்கல்"னு சொன்னாரு, வார்டே சிரிச்சுது. சர்தின்னா வாந்தி. வயறிளக்கம்னா பேதி. வேதனன்னா வலி, மனக்கஷ்டம் இல்ல. உச்சைக்குன்னா மதியம், வைகிட்டுன்னா சாயந்தரம். கூட இருக்கிறவங்களை அங்க பைஸ்டாண்டர்னு சொல்வாங்க, அவங்களும் இதைத் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

அடுத்து அந்த லீவு வாரம். ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சதும் எங்க வீட்டம்மா "ஒரு வாரத்துக்கு மாத்திரை கெடையாதுல்லா"ன்னு மாத்திரை வச்சிருந்த முறுக்கு டப்பாவையே தூக்கி பரண்ல வச்சுட்டா. நானும் அப்பாடான்னு இருந்துட்டேன். அஞ்சாவது நாள் தலை கிறுகிறுன்னு வந்து திண்ணையில உக்காந்துட்டேன், நாக்கு வறண்டு போச்சு, தெருக்கோடி கிளினிக்ல பாத்தா சுகர் முந்நூத்துச் சொச்சம், பிபி 180. அப்புறம்தான் தெரியுது, லீவு கேபசிடபினுக்கு மட்டும்தான், சுகருக்கும் பிபிக்கும் லீவே கெடையாது. வயசான காலத்துல கேன்சர் வர்றவங்களுக்கு இதுதாங்க பெரிய சிக்கல், நிறுத்த வேண்டிய மாத்திரையும் நிறுத்தவே கூடாத மாத்திரையும் ஒரே டப்பாவுல கெடக்கும்.

இப்ப ரெண்டு டப்பா. ஒண்ணுல தினமும்னு மார்க்கர்ல பெருசா எழுதி சுகர், பிபி, கொழுப்பு மாத்திரை. இன்னொண்ணுல கேபசிடபின் மட்டும், அதையும் அட்டையில இருந்து பிரிச்சு வைக்கிறதில்ல, போடும்போதுதான் பிதுக்குறது. சுவத்துல மாசக் காலண்டர் ஒண்ணு இதுக்குன்னே மாட்டியிருக்கேன், 14 நாளுக்கு கட்டத்துல ரெண்டு ரெண்டு சின்ன வட்டம், போட்டதும் வட்டத்துக்குள்ள டிக், லீவு நாள்ல கட்டத்துக்கு குறுக்கே கோடு. எனக்கு 500 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு மூணு, அப்ப 14 நாளைக்கு 84. கடைசி நாள் மிச்சம் இருந்தாலோ முன்னாடியே தீந்தாலோ எங்கயோ கணக்குத் தப்பியிருக்குன்னு தெரிஞ்சு போகும். உங்களுக்கு எத்தனைங்கிறது ஒசரம், எடை, கிட்னி எப்படி வேலை செய்யுதுங்கிறதை வச்சு மாறும், என் கணக்கைப் பாத்து போட்டுறாதீங்க.

போடுற முறை. சாப்பிட்டு முடிச்சு அரை மணி நேரத்துக்குள்ள, தண்ணியோட முழுசா முழுங்கணும், ஒடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ரெண்டு வேளைக்கும் நடுவுல சுமார் 12 மணி நேரம், நாங்க ஏழரைக்கு இட்லி எட்டுக்கு மாத்திரை, ராத்திரியும் அதே கணக்கு. ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு சேத்து டபுளா போடாதீங்க, போட்டு வாந்தி எடுத்துட்டாலும் திரும்பப் போடாதீங்க, நோட்டுல எழுதி வச்சு போன் பண்ணிக் கேளுங்க. எடுத்துக் குடுக்கிறவங்க வெறுங்கையால தொடாம சின்ன மூடியில பிதுக்கிக் குடுக்கட்டும், இல்ல கிளவுஸ் போடட்டும், வீட்ல கர்ப்பமா இருக்கிற மருமக இருந்தா அந்தப் பக்கமே விடாதீங்க. டாய்லெட் போனா மூடியைப் போட்டு ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணுங்க. மிச்சமானா குப்பையில போடாம ஆஸ்பத்திரியிலயே திருப்பிக் குடுத்துருங்க.

வேற என்னென்ன சாப்பிடுறீங்கன்னு ஒண்ணு விடாம டாக்டர்கிட்ட சொல்லணும். இதய வைத்தியத்துக்கு வார்ஃபரின் எடுக்கிறவங்களுக்கு கேபசிடபின் சேந்தா ரத்தக்கசிவு வரலாம், வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுத்தா அதோட அளவு ரத்தத்துல கூடும். சத்து மாத்திரைதானேன்னு போடுற ஃபோலிக் ஆசிட்கூட இதோட பக்க விளைவைக் கூட்டும், பல பி காம்ப்ளெக்ஸ்ல அது இருக்கு. எங்க பக்கம் வைத்தியசாலைக்கு குறைவே கெடையாது, ஆளாளுக்கு ஒரு கஷாயம் சொல்வாங்க, வாங்கி வச்சுக்கிட்டு டாக்டருக்குத் தெரியாம குடிக்கிறதுதான் ஆபத்து. மச்சினன் ஒருத்தன் "அத்தான், அருவித் தண்ணியில மூலிகை இருக்கு, குத்தாலத்துல ஒரு குளியல் போட்டா எல்லாம் சரியாயிரும்"னு சீசன் பூரா சொல்லிக்கிட்டே இருந்தான். நான் போகல. ஆக்ஸாலிபிளாட்டின் ஏத்துன கொஞ்ச நாளைக்கு குளிர்ச்சியைத் தொட்டாலே விரல்ல கரண்ட் அடிக்கும், பச்சத்தண்ணி குடிச்சா தொண்டை இறுக்குற மாதிரி இருக்கும், இதுல அருவியாம். எங்க ஊர்ல ஆனி ஆடியில கணவாய்க் காத்தும் சாரலும் சேந்து அடிக்கும், மஃப்ளர், குரங்குக் குல்லா, குடிக்க வெந்நீர். ஃப்ரிட்ஜைத் தொறக்கிற வேலையை வேற யாருக்காவது விட்டுருங்க. பல பாட்டில் ஏறினப்புறம் கால் மரத்துப் போறதும் வரும், ராத்திரி பாத்ரூம் போற வழியில ஒரு சின்ன லைட் எரியட்டும், விழுந்தா இடுப்பு போயிரும்.

கை கால் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும். மூணாவது ரவுண்டுல உள்ளங்கை செவந்துச்சு, மொளகாப்பொடியை அள்ளுன மாதிரி எரிச்சல், அப்புறம் தோல் உரிஞ்சுது. இந்த மாத்திரைக்கு அது ரொம்ப சகஜம், ஆனா பொறுத்துக்கிட்டு மாத்திரையைத் தொடர்ந்து போடுறது வீரம் இல்ல, வலிச்சாலோ கொப்புளம் வந்தாலோ உடனே சொல்லணும், கொஞ்ச நாள் நிறுத்தி டோஸைக் குறைப்பாங்க. சுடுதண்ணியில குளிக்காதீங்க, வெதுவெதுப்பு போதும். வாளிக்கம்பி, தேங்கா திருவுறது, துணியைப் பிழியுறது, கையில உரசல் குடுக்கிற எதுவும் வேண்டாம். லூசான செருப்பு, பருத்தி சாக்ஸ். யூரியா கலந்த க்ரீம் எழுதிக் குடுப்பாங்க, குளிச்சதும் ஈரம் காயுறதுக்குள்ள தேய்க்கணும். டெல்லி எய்ம்ஸ்ல கேபசிடபின் எடுக்கிற 264 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2024ல வெளியிட்டாங்க, வலிக்குத் தேய்க்கிற டைக்ளோஃபினாக் ஜெல்லைக் கையில தேச்சவங்கள்ல சுமார் 4 சதவீதம் பேருக்குத்தான் இது ஓரளவு கடுமையா வந்துச்சு, மருந்தில்லாத ஜெல் தேச்சவங்கள்ல 15 சதவீதம். டாக்டர்கிட்ட இதைக் கேட்டுப் பாருங்க, ஆனா ஜெல்தான் சொல்றேன், வலி மாத்திரையை நீங்களா வாங்கிப் போட்டா கிட்னிக்கு ஆகாது.

வாய்ப்புண்ணுக்கு உப்புத்தண்ணி கொப்பளிக்கிறது, காரம் குறைக்கிறது, பார்டர் பரோட்டாவை ஆறு மாசம் மறக்கிறது, அவ்வளவுதான்.

எப்ப பதறணும்? டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வையுங்க. 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே ராத்திரி ரெண்டு மணியானாலும் கெளம்பணும், வெள்ளையணு கொறஞ்சிருந்தா சாதாரணக் காய்ச்சல்கூட சில மணி நேரத்துல ஆளை சாய்ச்சிரும், பாராசிட்டமால் போட்டு காய்ச்சலை மறைச்சுட்டு விடியட்டும்னு இருக்காதீங்க. வழக்கத்தைவிட நாலு தடவையோ அதுக்கு மேலயோ கூடுதலா பேதி போனாலோ ராத்திரி எந்திரிச்சு போக வேண்டி வந்தாலோ கேபசிடபினை நிறுத்திட்டு போன். ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசா, அதுல போட்டிருக்கிற அளவு தண்ணியில கலக்குங்க, பெரிய பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர், டம்ளர் டம்ளரா கொஞ்சம் கொஞ்சமா பொடி போட்டா கணக்கு தப்பிரும். பேதியில தண்ணிச்சத்து போயிருக்கும்போது சில சுகர் பிபி மாத்திரையை அந்த ரெண்டு மூணு நாளைக்கு நிறுத்தச் சொல்வாங்க, அதையும் அதே போன்ல கேட்டுருங்க, மேல நான் நிறுத்தவே கூடாதுன்னு சொன்னது நீங்களா நிறுத்துறதைப் பத்தி. நெஞ்சு வலி வந்தா கேள்வியே இல்ல, மாத்திரையை நிறுத்திட்டு பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியோ அங்க. அந்த நேரத்துல மலை ஏறி மூணு மணி நேரம் போகாதீங்க, எங்களுக்குன்னா தென்காசி அரசு ஆஸ்பத்திரி, வாசல்லயே கீமோ எடுக்கிறவருன்னு சொல்லணும். அதுக்காக ஒரு சீட்டுல வியாதி பேரு, மருந்து பேரு, கடைசியா பாட்டில் ஏத்துன தேதி, டாக்டர் நம்பர் எல்லாம் இங்கிலீஷ்ல எழுதி மகன் லேமினேட் பண்ணி குடுத்திருக்கான், சட்டைப் பையிலயே கெடக்கும்.

ரயில்ல போறவங்க கன்செஷன் ஃபாரத்தை ஆஸ்பத்திரியில கேட்டு வாங்குங்க. சீனியர் சிட்டிசன் சலுகையை 2020 மார்ச்ல நிறுத்திட்டாங்க, கேன்சர் நோயாளிக்கு உள்ளது அப்படியேதான் இருக்கு, சிகிச்சைக்குப் போக வர ஸ்லீப்பர்லயும் த்ரீ டயர் ஏசியிலயும் நோயாளிக்கு முழு டிக்கெட்டும் தள்ளுபடி, கூட வர்றவங்களுக்கு முக்கால்வாசி.

இன்னொண்ணு, இதை யாருமே எனக்கு சொல்லல. நாலாவது ரவுண்டு முடிஞ்சு ரேஷன் கடைக்குப் போனேன், மெஷின்ல கட்டை விரலை வச்சேன், எடுக்கல. துடைச்சுட்டு வச்சேன், எடுக்கல. பத்து விரலும் வச்சாச்சு, பின்னால வரிசை கத்துது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுப் பாத்தா விரல் நுனி பூரா வழுவழுன்னு கெடக்கு, ரேகையே இல்ல. கேபசிடபின்ல தோல் உரிஞ்சு ரேகை அழிஞ்சு போறது உண்டாம், மாத்திரை முடிஞ்சப்புறம் பலருக்குத் திரும்ப வருமாம். நவம்பர்ல பென்ஷனுக்கு உயிர் சான்று குடுக்கணும், அதுக்கு விரல் இல்லாமலே போன்ல முகத்தைக் காட்டி பண்ற ஜீவன் பிரமான் ஆப் 2021ல இருந்து இருக்கு, பேரன் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்தான். ரேஷனுக்கு கண்ணைக் காட்டுற மெஷின் இருக்கான்னு கேளுங்க, எங்க கடையில இருக்கு, கண்ணாடியைக் கழட்டிட்டு நேரா பாக்கணும், இமைச்சா திரும்ப முதல்ல இருந்து.