பழைய பைக் சைலன்சர்ல கை வைக்க முன்னாடி: மலைநாட்டுல அடிக்கடி நடக்கிற தப்புங்க

ஹொண்டா சீடி 125 ஐடில்ல நின்னு துடிக்கிற சத்தம் எனக்கு சின்ன வயசுலேர்ந்தே உசிரு. ரெண்டு சிலிண்டர், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சைலன்சர், தோட்டத்து ரோட்டுல ஏறி வரும்போதே லயத்து வரிசை வீட்டு வாசல்ல இருந்து யாரு வர்றாங்கன்னு சொல்லிடலாம். அதனால பழைய பைக்க கொஞ்சம் சத்தமா ஆக்கணும்னு ஆசைப்படுற தம்பிமாரு மேல எனக்கு கோபமே இல்ல, அந்த ஆசை எனக்கும் இருந்திச்சு, அந்த ஆசையில ஒரு வால்வையே எரிச்சவன் நான். 2020ல வாகன இறக்குமதிய நிறுத்தினதுக்குப் பிறகு பழைய பைக் ஒவ்வொண்ணும் பொன்னு மாதிரி ஆயிருச்சு, ஒரு வால்வு போனாலும் பைப்ப ஹெட்டோட பூட்டுற ஒரு ஸ்டட் ஒடிஞ்சாலும் கண்டியில இருந்து கொழும்பு வரைக்கும் தேடி அலையணும். அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

எல்லாத்துலயும் பெரிய தப்பு, சைலன்சர மட்டும் வெட்டிட்டு காபரேட்டர தொடாம விடுறது. எஞ்சினுக்கு மூச்சு இழுக்கிறதும் விடுறதும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது. வெளிய விடுற வழிய லேசாக்கினா உள்ள வர்ற காத்தும் கூடும், ஆனா காபரேட்டருக்குள்ள பெற்றோல அளந்து விடுற ஜெட்டோட ஓட்டை அதேதானே, பெற்றோல் பத்தாது. கலவை லீன் ஆகும், சூடு ஏறும், கடைசியில புகை வெளிய போற எக்ஸோஸ்ட் வால்வு எரியும். இது எல்லா ஊருக்கும் பொதுவான கதைதான், ஆனா நம்ம மலையில இதுக்குள்ள இன்னொரு பொறி இருக்கு, அத யாரும் சொல்றதில்ல.

நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீற்றர். அங்க காத்து கொழும்ப விட கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு அடர்த்தி குறைவு. கீழ்நாட்டுக்கு செட் பண்ணின ஜெட் இங்க வந்தா பெற்றோல் கூடிப்போகும், அதனாலதான் பல பழைய பைக் மேல வந்ததும் சோம்பலா இழுக்கும், பிளக் கறுப்பா கரி பிடிக்கும். இப்ப அதே பைக்கோட சைலன்சர உள்ள வெட்டினா என்ன ஆகும்? கூடியிருந்த பெற்றோலும் கூடின காத்தும் சரிக்கு சரியா வந்திரும், பைக் பறக்கும். "பாத்தியா, சத்தம் கூடினதும் பிக்கப்பும் கூடிருச்சு"ன்னு எல்லாரும் சொல்றது இதத்தான். அது சத்தத்தால வந்த பிக்கப் இல்ல, உயரத்தால வந்தது, மலைய விட்டு இறங்கினா அதுவும் இறங்கிரும்.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ரெண்டு சைலன்சர்லயும் உள்ள இருந்த, சத்தத்த அடக்குற பஃபிள வெட்டி எடுத்திட்டு தலவாக்கலை, நானுஓயா பக்கம் ரெண்டு மாசம் ஓட்டினேன், ஒரு குறை இல்ல. பிறகு ஒரு கல்யாணத்துக்கு கொழும்புக்கு கிளம்பி ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலன்னு ஏ7 ரோட்டுல இறங்கி, கித்துல்கல தாண்டி ரோடு நேராக நேராக நானும் திராட்டில நல்லா திறந்து விட்டுக்கிட்டே போனேன், அவிசாவளைக்கு முன்னாடி பவர் மெல்ல மெல்ல செத்திருச்சு. ஓரமா நிறுத்தி பிளக்க கழட்டினா நுனி சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ஹெட்ட கழட்டிப் பாத்தப்ப எக்ஸோஸ்ட் வால்வோட ஓரம் பிஸ்கட்ட கடிச்ச மாதிரி ஒரு துண்டு இல்ல. அந்த வால்வ இன்னும் ஒரு டின்னுல போட்டு வச்சிருக்கேன்.

அதனால வரிசை முக்கியம். மொதல்ல எங்கயும் காத்து லீக் இல்லாம பாருங்க, ஏர் ஃபில்டர சுத்தம் பண்ணுங்க, டெப்பட் கேப்ப, அதாவது வால்வு இடைவெளிய, சரி பண்ணுங்க. அதுக்குப் பிறகுதான் மெயின் ஜெட்ட ஒரு நம்பர் கூட்டி, அதாவது ஓட்டை கொஞ்சம் பெருசானத போட்டுப் பாக்கணும். புது பிளக் ஒண்ணு போட்டு, ஏத்தத்துல முக்கால் திராட்டில்ல கொஞ்ச தூரம் ஓடி, அதே வேகத்துல கிளட்ச்ச பிடிச்சி எஞ்சின ஓஃப் பண்ணி, உருட்டி ஓரம் கட்டி, ஆறினதும் பிளக்க கழட்டிப் பாருங்க. பால் தேத்தண்ணி நிறத்துல இருந்தா நல்லது, வெள்ளையா இருந்தா பெற்றோல் பத்தல, கரியா இருந்தா கூடிருச்சு. நீங்க ஓட்டுற இடங்கள்ல எது ஆகக் கீழ இருக்கோ அங்க போயும் இதே டெஸ்ட்ட செய்யணும், லிந்துலையில மட்டும் பாத்திட்டு கொழும்புக்கு போகக்கூடாது.

திராட்டில விட்டதும் "பட் பட்"னு வெடிக்கிற சத்தத்த சிலர் ஆசையா வச்சிருக்காங்க. அது பெரும்பாலும் ஹெட்டுல பைப் சேருற இடத்துல காத்து உள்ள போறதோட சத்தம், இல்லன்னா திராட்டில் மூடியிருக்கும்போது பெற்றோல் விடுற பைலட் ஜெட் லீன். ரெண்டுமே நோய்க்கு அறிகுறி.

அந்த ஹெட்டு பக்கம் வேல செய்யும்போது தான் பாதி பேரு பைக்க நாசமாக்கிறது. 30, 40 வருச பைக்கோட எக்ஸோஸ்ட் ஸ்டட் துரு பிடிச்சி அலுமினியத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், ஸ்பேனர போட்டு ஒரே மூச்சுல திருகினா ஒடிஞ்சி உள்ளயே நிக்கும், பிறகு ட்ரில் பண்ணி த்ரெட் வெட்ட வேண்டியதுதான். முதல்நாள் ராத்திரியே துருவ இளக்குற ஒயில் ஊத்தி விடுங்க, காலையில எஞ்சின கொஞ்சம் சூடாக்கி, கால் சுத்து கழட்டி திரும்ப உள்ள விட்டு, மறுபடியும் கழட்டி, அப்படி பொறுமையா வெளிய எடுங்க. பழைய கேஸ்கட்ட திரும்ப போடாதீங்க, அது நசுங்கி முடிஞ்ச சாமான், வெல கொஞ்சம்தான். பூட்டும்போது எல்லாத்தையும் லூசா மாட்டிட்டு மொதல்ல ஹெட் பக்கம் ரெண்டு நட்டையும் மாறி மாறி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, கடைசியிலதான் பின்னால பிரக்கட்ட இறுக்கணும். பின்னால மொதல்ல இறுக்கி பைப்ப வலிச்சி ஹெட்டுல சேத்தா அந்த இழுவையிலயே நம்ம குழி ரோட்டுல வெல்டிங் வெடிச்சிரும்.

வெல்டிங் பத்தி ஒண்ணு கட்டாயம் சொல்லணும். தோட்டத்துப் பக்கம் தண்ணி லைன்ல மிஞ்சின ஜீஐ பைப்ப வெட்டி சைலன்சர் செய்யிறாங்க. அந்த பைப்புல இருக்கிறது துத்தநாகப் பூச்சு, வெல்டிங் சூட்டுல அது வெள்ளைப் புகையா வரும், அத மூடின அறைக்குள்ள சுவாசிச்சா சில மணி நேரத்துல குளிர் காய்ச்சல் மாதிரி அடிச்சுப் போடும். சாதா இரும்பு பைப்பே வாங்குங்க. பைக்குல வச்சே வெல்டிங் பண்ற பாஸ்மாருகிட்ட, அண்ணே கழட்டித் தாறேன், கீழ வச்சு செய்ங்கன்னு சொல்லுங்க, டேங்குல பெற்றோல் இருக்கு, பிளக்குக்கு பொறி குடுக்கிற சீடிஐ மின் பெட்டி இருக்கிற பைக்கா இருந்தா அதுவும் கருகலாம்.

சைலன்சரோட அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பேனா முனை அளவு. பலபேரு அத துரு தின்ன ஓட்டைன்னு நெனச்சு வெல்டிங் வச்சி அடைச்சிருவாங்க. அது தண்ணி வடியிறதுக்கு கம்பெனியே வச்சது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணி ஆவியா வெளிய வரும், நம்ம குளிர்ல காலையில டவுனுக்கு போயி பாண் வாங்கிட்டு வர்ற சின்ன ஓட்டத்துல சைலன்சர் முழுசா சூடாகாது, அந்த ஆவி உள்ளயே தண்ணியா நிக்கும். ஓட்டைய அடைச்சா ரெண்டு மழைக்காலத்துல உள்ளுக்குள்ள அரிச்சிரும்.

டூ ஸ்ட்ரோக் வச்சிருக்கிறவங்க, யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி, நடுவுல உப்பி கடைசியில ஒடுங்குற அந்த உடம்ப வெட்டவே கூடாது. அந்த வடிவம்தான் வெளிய ஓடப் பாக்கிற புது கலவைய அழுத்த அலையால திரும்ப சிலிண்டருக்குள்ள தள்ளுது, அத வெட்டினா சத்தம் வரும், இழுவை போயிரும். பழைய டூ ஸ்ட்ரோக் மந்தமா அடைச்ச மாதிரி சத்தம் போட்டா பின்னால பஃபிள கழட்டி ஒயில் கரிய சுரண்டி கழுவிப் போடுங்க, பல நேரம் பழைய சத்தம் அப்படியே திரும்பி வரும்.

ஓட்டை போடுறவங்க, ரெண்டுல ஒரு சைலன்சர மட்டும் வெட்டுறவங்க, துணிய திணிச்சு வைக்கிறவங்கன்னு நெறைய இருக்கு, அதெல்லாம் விரிவா சொல்லத் தேவையில்ல, செய்யாதீங்க. பைப்போட வாய் பின்னால இருக்கிறவங்க காலுக்கோ டயருக்கோ நேரா இல்லாம பாத்துக்கோங்க. நம்ம ஊருல வருசத்துல பாதி நாள் ரெயின்கோட்டோடதான் போறோம், பைப்ப மேல தூக்கி வச்சா அது உருகி ஒட்டும், பிள்ளைங்க கால்ல பட்டா தழும்பு வாழ்நாளுக்கும் நிக்கும்.

சத்தத்துக்கு வர்றேன். 10 டெசிபல் கூடினா காதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா கேக்கும். அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்ற கணக்குல 85 டெசிபல்ல 8 மணி நேரம், 100 டெசிபல்ல 15 நிமிசம் தான் காதுக்கு அளவு. பஃபிள் இல்லாத பைப்புக்கு முன்னாடி ஹெல்மெட்டோட ஒரு மணி நேரம் ஓடுற காது உங்களோடதுதான். அதவிட எனக்கு பயம் வளைவுதான். றம்பொடை வளைவுகள்ல எதிர்ல வர்ற பஸ் தெரியாது, ஹோர்ன் சத்தத்த வச்சுத்தான் நாம ஒதுங்குறோம், உங்க சைலன்சர் அந்த ஹோர்ன முழுங்கிருச்சுன்னா வளைவுல பஸ்ஸ கண்ணால காணும்போது ஒதுங்க இடம் இருக்காது. லயத்துல சுவரோட சுவரா ஒட்டின வீடு, தகரக் கூரை, ஒரு வீட்டுல கைக்குழந்தை, அடுத்த வீட்டுல விடிய எழும்பி மலைக்கு போறவங்க. பள்ளத்தாக்குல சத்தம் எதிர் மலையில பட்டு திரும்பி வரும், கீழ் டிவிசன்ல ராத்திரி ஒரு பைக் ஏறினா மேல் டிவிசன்ல தூக்கம் கலையும். சத்தமா ஓடணும்னா ஏப்ரல் சீசன்ல ரதெல்ல மலையேற்ற ரேஸ் இருக்கு, அதுக்குன்னு மூடின ரோடு இருக்கு.

1951ம் ஆண்டு 14ம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி சைலன்சர் இல்லாம ரோட்டுல ஓடக்கூடாது, பொலிஸ் பிடிச்சா வழக்குதான். வருசா வருசம் எமிசன் டெஸ்ட் பாஸ் பண்ணாம பைக்கோட ரெவனியூ லைசன்ஸ் புதுப்பிக்க முடியாது, ஜெட்ட கண்டபடி கூட்டி வச்சா அங்கயும் மாட்டும்.

ஒரிஜினல் சைலன்சர மட்டும் வெட்டவே வெட்டாதீங்க, கழட்டி ஒயில் துணியில சுத்தி வைங்க. கை வைக்கணும்னா பழசு ஒரு ஜோடி தேடி வாங்கி அதுல செய்யுங்க. நெறைய பேரு தேடுறது சத்தம் கூடினத இல்ல, அந்த கனமான அடித்தொனிய. அதுக்கு நீளமான, கொள்ளளவு கூடின, தடிச்ச தகட்டுல செஞ்ச பெட்டி வேணும், கட்டையா வெட்டினா குரைக்கும், மெல்லிசு தகடுன்னா தகர டப்பா மாதிரி கிலுகிலுன்னு வரும்.

வால்வு மாத்தினதுக்குப் பிறகு நான் பஃபிள் உள்ள ஒரு பழைய ஜோடிய மாட்டி, ஜெட்ட ஒரு நம்பர் கூட்டி, மறுபடியும் அதே ஏ7ல இறங்கினேன். அவிசாவளை டவுனுக்கு முன்னாடி ஒரு தேத்தண்ணி கடையில நிறுத்தி, பிளக்க கழட்டி, கடைக்கார அண்ணன் தந்த பிளேன்டீய குடிச்சிக்கிட்டே வெளிச்சத்துல பிடிச்சி பாத்தேன். பால் தேத்தண்ணி நிறம். திரும்பி ஏறி வரும்போது லயத்து வாசல்ல நின்ன அம்மா, நீ வர்றது வளைவுலயே கேட்டுச்சுன்னு சொன்னாங்க.