கழுத்து வலியைத் தீர்த்த சிறிய ஸ்கோப்

பொழுதுபோக்காக ஏர் ரைபிள் சுடத் தொடங்கியபோது, உருப்பெருக்கம் கூடினால் துல்லியமும் கூடும் என்று நம்பி 6-24×50 ஸ்கோப் (ரைபிளின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை வாங்கினேன்; 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும், 50 மி.மீ. முன்வில்லை கொண்டது என்பதே அந்த எண்களின் பொருள். அரை மணி நேரத்தில் கழுத்து வலித்தது. தலை சற்று அசைந்தாலே காட்சியின் ஓரத்தில் கருநிழல் கவிந்தது. காரணம் எளிய கணக்குதான்: முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 மி.மீ. மட்டுமே, அதற்குள் கண்மணியை நிறுத்தி வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

அதை விற்றுவிட்டு, பாதி விலைக்கும் குறைவான 3-9×40 ஸ்கோப்புக்கு மாறினேன். 9 மடங்கிலும் 4.4 மி.மீ. கிடைப்பதால் கண் தானாகவே இடத்தில் அமர்கிறது. நான் விடாப்பிடியாகக் கேட்டது, 10 மீட்டர் அருகிலுள்ள இலக்கு வரை பேரலாக்ஸை, அதாவது கண் நகரும்போது இலக்கின் மேல் குறுக்கிழை நகர்வதாகத் தோன்றும் பிழையை, சரிசெய்யும் வளையம். வேட்டைக்கான ஸ்கோப்புகள் பலவற்றில் அந்தச் சரிசெய்தல் 100 கெஜத்துக்கு நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், அருகிலுள்ள இலக்கைப் பார்க்கும்போது இந்தப் பிழை தெரியும். ஸ்பிரிங்கால் இயங்கும் ஏர் ரைபிள் முன்னும் பின்னும் உதைக்கும் என்பதால், அந்த உதையை ஸ்கோப் தாங்குமா என்றும் உறுதிசெய்துகொண்டேன்.

பிறகு, உயரமாக இருந்த மவுண்டையும் (ஸ்கோப்பை ரைபிளில் பொருத்தும் பிடி) மாற்றினேன். குண்டில்லாத ரைபிளைக் கண்ணை மூடித் தோளில் ஏந்தி, கன்னம் ரைபிளின் பின்கட்டையில் இயல்பாகப் படிந்தபின் கண்ணைத் திறந்தால் முழு வட்டமும் தெரியும்வரை ஸ்கோப்பை நகர்த்தி இறுக்கினேன். கழுத்து வலி அன்றோடு நின்றது.